கதிர்காமப் பாதயாத்திரை: கையில் ஆறு நாள் மிச்சம் இருந்தால் எங்கே தங்குவது, எங்கே திரும்புவது?

கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களுக்கு இரண்டு தேதிகள்தான் கட்டாயம். கிழக்குக் கரையில் உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் காட்டுப்பாதை திறந்திருக்கும் நாட்கள் ஒன்று, கதிர்காமத்தில் கொடியேறும் நாள் மற்றது. அதற்கு முந்திய நாட்களை எங்கே, எப்படிச் செலவழிப்பது என்பது நம் விருப்பம். கோயில் கோயிலாகத் தங்கிப் போகலாம். தெருவோடு நேரே நடந்து, உகந்தைக்கு முதலிலேயே போய்க் காத்திருக்கலாம். இடையில் மட்டக்களப்பு வாவியைக் கடந்து, அதன் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் புகுந்தும் வரலாம். எல்லாவற்றையும் செய்ய நாள் போதாது. வைகாசி பிறந்ததும் நடக்கப் போகிற யாராவது என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது?

நான் திருகோணமலையிலிருந்து இரண்டு தடவை நடந்தேன். முதல் தடவை முருகனின் வேலை ஏந்திக்கொண்டு போகும் ஒரு வேல் குழுவோடு, ஓட்டமும் நடையுமாக. மூன்றாம் நாளே குதிக்காலில் கொப்புளம். கும்பிட்ட கோயில்களில் பாதி இன்று நினைவில் இல்லை. இரண்டாம் தடவை அம்மாவோடு. அம்மாவுக்கு அப்போது 63 வயது, முழங்காலில் நோவு, மனதில் பழைய நேர்த்தி ஒன்று. ஒரு நாளைக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் நடப்பதில்லை என்று புறப்படும்போதே பேசி வைத்துக்கொண்டோம். திருகோணமலையிலிருந்து உகந்தை ஏறத்தாழ 270 கிலோமீற்றர். அது 18 நாள் நடை. எங்களிடம் 24 நாள் இருந்தது. அந்த ஆறு நாளை எங்கே வைப்பது என்று நானும் அம்மாவும் ஒவ்வொரு மடத்திலும் இருந்து யோசித்ததையும், பிறகு நடந்து பார்த்து அறிந்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் செல்வச் சந்நிதியிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு 500 கிலோமீற்றருக்கும் மேல். அவர்களுக்கு வடக்கே ஒரு நிறுத்தம் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்: வற்றாப்பளை. நந்திக்கடல் ஓரத்தில் இருக்கும் அந்தக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். நடையை அந்தப் பொங்கலோடு பொருத்திக்கொள்ள முடிந்தால் பொருத்திக்கொள்ளுங்கள். அதற்காக ஓரிரு நாள் காத்திருந்தாலும் தகும்.

எப்படி அளப்பது

ஒரு இடம் நல்லதா என்று கேட்டால் இந்த வழியில் எல்லா இடமும் நல்லதுதான். நடக்கிறவருக்கு வேறு மூன்று கேள்விகள் உண்டு.

முதலாவது, சுற்றிப் போனால் அது நம்மை முன்னே கொண்டுபோய்ச் சேர்க்கிறதா, புறப்பட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவருகிறதா? போன வழியே திரும்பி வரும் ஐந்து கிலோமீற்றர், முன்னே போகும் பத்தைவிடக் காலுக்குப் பாரம். இதை எந்தக் கணக்கிலும் சரியாகக் காட்ட முடியாது, ஆனால் நடந்த எவரும் ஒத்துக்கொள்வார். இரண்டாவது, அங்கே படுக்க ஒரு மடமோ மண்டபமோ, குளிக்கத் தண்ணீரோ இருக்கிறதா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: அந்த இடம் இந்த வழிபாட்டோடு ஒட்டியதா? கடலும் காடும் இன்னொரு நாள் பஸ்ஸில் வந்தும் பார்க்கலாம். முருகனின் வேலை நினைத்து நடக்கிற உடம்போடும் மனதோடும் ஒரு கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்வது நடக்கும்போது மட்டும் கிடைப்பது.

இன்னொன்று. வேல் குழுவோடு போகிறீர்கள் என்றால் இந்த முடிவுகள் உங்களுடையவை அல்ல. வேல் எடுத்து வருகிற சாமியிடம் கேட்டுத்தான் விலக வேண்டும், எங்கே வந்து மீண்டும் சேர்வோம் என்றும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விலகினால் பின்னால் உள்ளவர்கள் தேடி அலைவார்கள்.

திருகோணமலை: ஒரு இரவு போதும்

கோணேசர் கோயில் சுற்று வழி அல்ல, புறப்படும் வாசல். சம்பந்தர் பாடிய தலம். சுவாமி மலையின் உச்சியில், கீழே கடல் விழுந்து அடிக்கிற இடம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள், இன்றைக்கு நாம் கும்பிடுவது பின்னாளில் எழுந்தது. அங்கே ஒரு மாலைப் பூசை பார்த்து, இரவு தங்கி, விடியப் புறப்படுவது சரியான தொடக்கம்.

கேள்வி கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பற்றியது. அநுராதபுரத் தெருவில் சுமார் எட்டுக் கிலோமீற்றர் உள்ளே, ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாயின் கிரியைக்காக உண்டானவை என்று கதை. நல்ல இடம். ஆனால் அது போய்த் திரும்புகிற வழி, நம் திசைக்கு நேர் எதிரே. ஒரு முழு நாளைத் தின்றுவிடும். நடையைத் தொடங்கவே இல்லாத கால்களுக்கு வெந்நீர் எதற்கு? ஒரு நாள் முன்னதாக ஊருக்கு வந்து, சங்கற்பம் செய்வதற்கு முன் ஓட்டோவில் போய்ப் பார்த்துவிடுங்கள். நடை தொடங்கிய பிறகு வேண்டாம்.

வெருகலா பாசிக்குடாவா

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு வரையுள்ள தெரு 130 கிலோமீற்றருக்குச் சற்று மேல். முந்திய காலத்தில் துறைக்குத் துறை காத்திருந்து ஆற்றையும் கடல்வாயையும் கடந்திருக்கிறார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, மற்றப் பாலங்களும் அடுத்தடுத்து வந்தன. இப்போது தடை எதுவும் இல்லை, அதனாலேயே வேகமாகக் கடந்துவிடத் தோன்றும். மூதூர் தாண்டினால் நிழல் குறையும். வெருகலுக்குப் பிறகு கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி என்று பற்றைக் காடும் வாவியும் மணலும் மாறி மாறி வரும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி மாதத்தில் காலை ஒன்பதரைக்கு மேல் அந்தத் தெருவில் நடக்கக் கூடாது. வெக்கை நிலத்திலிருந்து எழும்பி முகத்தில் அடிக்கும்.

இந்தப் பகுதியில் ஒரு நாள் மட்டும் கூடுதலாக வைக்கலாம். அதை வெருகலில் வையுங்கள். ஆற்றங்கரையில் சித்திர வேலாயுதர் கோயில். மகாவலியின் கிளை ஆறு, மர நிழல், விரிந்த வீதி. வழியில் சித்தாண்டியிலும், பிறகு திருக்கோவிலிலும் இதே திருப்பெயர்தான் வரும், சித்திர வேலாயுதர். அம்மா இதைக் கவனித்துவிட்டு, "ஒருத்தரே முன்னால முன்னால போய் நிண்டு நம்மளக் கூப்பிடுறார்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பெயரைக் கேட்டதும் நடை கொஞ்சம் இலேசானது உண்மை. வெருகலில் ஒரு பகல் முழுக்கத் துணி தோய்த்து, காலை ஆற்றில் வைத்து, இரண்டு இரவு தங்கினோம். அந்த ஓய்வுதான் வாகரைத் தெருவைத் தாங்க வைத்தது.

பாசிக்குடா ஆசை காட்டும். தெருவிலிருந்து கிழக்கே விலகினால் அலையே இல்லாத ஆழமற்ற கடல், இடுப்பளவு தண்ணீரில் வெகு தூரம் நடக்கலாம். இன்று அந்தக் கரை ஹோட்டல்களின் கரை. பாத்திரமும் பாயும் சுமந்து வருகிறவர்கள் இரவு படுக்கும் இடம் அல்ல. அங்கே செலவழிக்கும் அரை நாளுக்கு நேரே நடந்தால் சித்தாண்டிக் கோயில் மண்டபத்தை நெருங்கிவிடலாம். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு மட்டும் பாசிக்குடாவைச் சொல்வேன். பிள்ளைகளுக்கும் ஒரு நாள் வேண்டும்தானே.

படுவான்கரை: இந்த நடையின் மிகச் சிறந்த சுற்று

மட்டக்களப்பு நகரத்தில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் தங்கினோம். தீர்த்தக்குளக் கரை, நல்ல இடம். கோட்டை, கல்லடிப் பாலம் எல்லாம் மாலையில் ஒரு சுற்று நடந்தாலே முடிந்துவிடும். கல்லடியில் சிவானந்த வித்தியாலய வளவில் விபுலானந்த அடிகளின் சமாதி இருக்கிறது, அதுவும் நம் வழியில்தான். நகரத்துக்குக் கூடுதல் நாள் தேவை இல்லை.

அதற்கு அடுத்துத்தான் உண்மையான முடிவு. இங்கிருந்து தெற்கே கல்முனைக்கு இரண்டு வழி. ஒன்று எழுவான்கரை, அதாவது கடலுக்கும் வாவிக்கும் நடுவே போகும் பெருந்தெரு. மற்றது படுவான்கரை, வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாகக் கிடக்கும் நாடு. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது.

எழுவான்கரையின் பலம் வசதி. காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஊர் விட்டால் ஊர். தேநீர்க் கடை, மருந்துக் கடை, வங்கி. களுதாவளையில் சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலும் வெற்றிலைத் தோட்டங்களும். மூன்று நாளில் ஆறுதலாகக் கல்முனைக்குப் போய்ச் சேரலாம். குறை, வாகனம். தாரில் நடந்து, ஹோர்ன் சத்தம் கேட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். முதல் தடவை நான் போனது இப்படித்தான். களுவாஞ்சிகுடியில் வாங்கிய வலி மருந்து மட்டும் ஞாபகம் இருக்கிறது.

படுவான்கரைக்கு இரண்டு நாள் அதிகம் பிடிக்கும். ஆரையம்பதிப் பக்கம் மேற்கே திரும்பி மண்முனைப் பாலத்தைக் கடந்தால் தெருவிலிருந்து இரண்டு மணி நேர நடையில் கொக்கட்டிச்சோலை. பாலம் 2014இல் வந்தது, அதுவரை அங்கே பாதைதான். வெளியூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும்: மட்டக்களப்பில் பாதை என்றால் ஆட்களையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் மட்டக்களப்பின் தேசத்துக்கோயில்களில் ஒன்று. ஒரு ஊருக்கோ ஒரு குடிக்கோ மட்டும் சொந்தமில்லாமல் நாட்டுக்கே பொதுவான கோயில். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தளபதி கல் நந்தியைக் காட்டி, இது புல் தின்னுமா என்று கேட்க, நந்தி எழுந்து புல்லைத் தின்றது என்று ஊர் சொல்லும். அம்மா அந்த நந்திக்கு முன்னால் வெகு நேரம் இருந்தார். சிறு வயதில் அம்மம்மா சொல்லக் கேட்ட கதையாம்.

அங்கிருந்து தெற்கே அம்பிளாந்துறை, பழுகாமம், போரதீவு. கோயில் இல்லாத ஊர் இல்லை. பழுகாமத்தில் திரௌபதை அம்மன், போரதீவில் பத்திரகாளி. வாகனம் குறைவு, ஆனால் நிழலும் குறைவு. வெயிலில் நடந்தவர்களைக் கண்டு ஒரு வளவுக்குள்ளிருந்து வயதான அம்மா ஒருவர் கூப்பிட்டார்: "இந்த வெயிலுக்குள்ள எங்க மனே போறீங்க? இதில இருங்க சாமி." பாய் விரித்து, எருமைத் தயிரும் சோறும் தந்து, மாலை நாலு மணி வரை எழும்ப விடவில்லை. காசு எடுத்ததும் கோபித்துக்கொண்டார். கதிர்காமத்தில் தன் பெயரைச் சொல்லி ஒரு கற்பூரம் கொளுத்தச் சொன்னார். கொளுத்தினோம்.

பிறகு மண்டூர். இந்தச் சுற்றுக்கு நான் முதலிடம் கொடுப்பதே மண்டூருக்காகத்தான். கந்தசாமி கோயில், சின்னக் கதிர்காமம் என்றே சொல்வார்கள். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதிக்கும் அந்தப் பெயர் உண்டு. மண்டூரில் பூசை செய்கிறவர் கப்புகனார். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல், மௌனமாகச் செய்யும் பூசை. மூலத்தானம் திரைக்குப் பின்னால். பெருந்திருவிழா ஆவணியில்தான், அதனால் நாம் போகும் காலத்தில் கூட்டம் இல்லை. ஒரு மரத்தடியில் இருந்து மணியோசை மட்டும் கேட்டுக்கொண்டு கும்பிட்ட அந்த இரவு, ஆறு நாளில் மிக நல்ல நாளின் இரவு.

மண்டூரிலிருந்து வெளியேறவும் இரண்டு வழி உண்டு. குருமண்வெளிக்குப் பாதையில் வாவியைக் கடந்து பெருந்தெருவில் ஏறலாம். அல்லது நாவிதன்வெளி ஊடாக நடந்து கிட்டங்கியில் கடந்து நேரே கல்முனைக்குப் போகலாம். மாரியில் கிட்டங்கியில் வெள்ளம் பாயும், நாம் போவது கோடை, பயமில்லை. நாங்கள் பாதையை எடுத்தோம். அம்மாவுக்கு வாவிக் காற்றில் இருந்து போக ஆசை. எந்த வழியில் போனாலும் முன்னேதான் போகிறோம், புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதில்லை.

ஒரே எச்சரிக்கை, யானை. படுவான்கரை ஊர்களில் அது கதையல்ல, வயலுக்கும் வீட்டுக்கும் வருகிற யானை. பொழுது பட்ட பிறகும் விடியுமுன்னும் நடக்கக் கூடாது. தங்கும் இடத்தில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரையோ ஊர்க்காரரையோ கேட்டுவிட்டு, வெளிச்சம் வந்த பிறகே புறப்படுங்கள். முழங்கால் மிக மோசமாக இருப்பவர்களும், தினமும் மருந்து வாங்க வேண்டியவர்களும் எழுவான்கரையிலேயே போவது நல்லது. மண்டூருக்கு மட்டும் குருமண்வெளியிலிருந்து பாதையில் போய்த் திரும்பலாம். அதுவும் போய்த் திரும்பும் வழிதான், ஆனாலும் இதற்கு மட்டும் நான் விதியைத் தளர்த்துவேன்.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை

கல்முனையில் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு ஒரு எட்டுப் போய் வாருங்கள். நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை பெயரில் அமைந்த இடம், தெருவிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் போதும். இந்த வழியில் முஸ்லிம் ஊர்கள் பல. பச்சைத் தண்ணீர், குளிர்பானம், சில இடத்தில் சாப்பாடு என்று வாசலில் நின்று கொடுக்கிறவர்கள் உண்டு. பள்ளி வாசலில் ஒரு நிமிடம் தலை குனிந்து போவதற்குத் தனியாக நாள் எதுவும் ஒதுக்கத் தேவையில்லை.

காரைதீவில் விபுலானந்த அடிகள் பிறந்த இடம் தெருவுக்கு அருகில்தான். 1892இல் பிறந்தவர், யாழ் நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தவர். கண்ணகி அம்மன் கோயிலையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மாலை. பகல் வெயிலைக் கழிக்க ஏற்ற ஊர்.

திருக்கோவிலில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினோம். சித்திர வேலாயுதர் இங்கே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், வீதியில் நின்றால் அலைச் சத்தம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பெயர் பெற்றது, இதுவும் தேசத்துக்கோயில். சந்நிதிக்கும் கடற்கரைக்கும் நடுவே படுத்தால் கொசு அதிகம் வராது. கடலில் குளிப்பதை மட்டும் தவிருங்கள், பாசிக்குடாக் கடல் அல்ல இது, இழுக்கும். கிணற்றடியில் குளிக்கலாம்.

சங்கமன்கண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் யாரும் போவதில்லை, நீங்களும் போகமாட்டீர்கள். சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் கிழக்குக் கடைசி. அது கடற்கரையில், மணலில் நடந்து போக வேண்டும். இளைஞர்கள் விடியலில் போய்ச் சூரியன் எழுவதைப் பார்க்கட்டும். அம்மாவை நான் கூட்டிப் போகவில்லை, நானும் போகவில்லை.

பொத்துவிலில் இருக்கும்போது யாராவது லாகுகலையையும் மகுல் மகா விகாரையையும் சொல்வார்கள். மொணராகலைத் தெருவில் மேற்கே பத்துக் கிலோமீற்றருக்கு மேல். காட்டுக்குள் பழைய கல் மண்டபங்கள், தூண்கள், சந்திரவட்டக்கல். பார்க்க வேண்டியவைதான். ஆனால் யானைக் காட்டுத் தெரு, போய்த் திரும்பும் வழி, நடந்து போகவே கூடாது. இதற்கென்று இன்னொரு பயணம் வாருங்கள். பொத்துவிலில் செய்ய வேண்டியது கடைவேலை. காட்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, உப்பு, மருந்து எல்லாவற்றையும் வாங்கக் கூடிய கடைசிப் பெரிய கடைத்தெரு இது. அடுத்து அறுகம்பே. அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவர் நிறைந்த காலம் அது. காவித் துணியும் வெறுங்காலுமாகப் போகிற நம்மை மரியாதையாகத்தான் பார்க்கிறார்கள். பேசாமல் கடந்துவிடுங்கள், தங்க விலை கட்டாது.

குடும்பிகல விகாரையா, உகந்தையில் இன்னொரு நாளா

பாணமைக்கும் உகந்தைக்கும் நடுவே ஒரு கடினமான தெரிவு இருக்கிறது. குடும்பிகல என்று சிங்களத்தில் சொல்லும் பாறைமலை ஆச்சிரமம். காட்டுக்குள் பெரும் பாறைகள், குகைகளில் தியானம் செய்யும் பிக்குகள், உச்சியில் உருளை வடிவத்தில் ஒரு சிறு தாதுகோபம். உச்சியிலிருந்து பார்த்தால் நாம் இனி நடக்கப் போகும் காடு முழுதும் கடல் வரை தெரியும். முதல் தடவை குழுவில் சிலர் ஏறினார்கள், நானும் ஏறினேன். மூச்சு நின்றுபோன காட்சி.

ஆனால் அதற்கு விலை உண்டு. ஏறி இறங்கினால் அரை நாள் போகும், தண்ணீர் போகும், காடு தொடங்குவதற்கு முன்பே கால் களைத்துவிடும். உகந்தைக்கு இரவில் போய்ச் சேர்ந்தோம். மறுநாளே காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். உகந்தையை நான் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் தடவை மலையை விட்டு, அந்த நேரத்தை உகந்தைக்குக் கொடுத்தோம். மூன்று இரவு. மிச்சமிருந்த நாட்களில் இரண்டு இதற்கே போனது. இன்றைக்குக் கேட்டாலும் அதையே செய்வேன். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்திறங்கிய கரை என்பார்கள், அந்த ஓடங்கள் பாறையாகக் கிடப்பதைக் காட்டுவார்கள். கீழே முருகன் கோயில், பாறை மேல் வள்ளி அம்மன். பாறையில் இயற்கையாகவே குழிந்த சுனைகளில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். பகலில் அன்னதானம், மாலையில் மணலில் குழுக் குழுவாகப் பாட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வந்தவர்களை இங்கேதான் சந்திப்போம். எந்தக் காலில் எப்படித் துணி சுற்றுவது, எவ்வளவு தண்ணீர் சுமப்பது, எந்த இடத்தில் கரடி என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நாள் வேண்டும். சுமையைப் பிரித்துப் போட்டு, வேண்டாததை ஊருக்கு அனுப்பவும் ஒரு நாள் வேண்டும். மூன்றாம் நாள் அம்மா வள்ளி அம்மன் பாறையில் மெதுவாக, இருந்து இருந்து ஏறினார். இறங்கி வந்தபோது, இனிக் காட்டுக்குப் போகலாம் என்று அவரே சொன்னார்.

காட்டுக்குள் சுற்று வழி கிடையாது

உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை குமண, யால காடுகள். வனசீவராசிகள் திணைக்களம் திறந்து விடும் பாதையில்தான் போக வேண்டும், கூட்டமாக, பகலில். பிளாஸ்டிக்கைக் காட்டில் போடக் கூடாது. குமுக்கன் ஆற்றின் மேற்பக்கத்தில் கெபிலித்த என்ற தேவாலயம் உண்டு, கதிர்காமத் தெய்வத்தின் இடமாகச் சிங்களவர்கள் கடுமையான விரதத்தோடு போகும் தலம். அதையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. அது தனி விரதம், தனி வழி.

இங்கே தெரிவு எங்கே தங்குவது என்பதில் மட்டும்தான். குமுக்கன் ஆற்றங்கரையில் ஒரு பகல் முழுதும் தங்குங்கள் என்பேன். பெரிய மருத மரங்கள், குளிக்கத் தண்ணீர், மணலில் ஊற்றுத் தோண்டினால் குடிக்கத் தண்ணீர். குமண வில்லு என்ற நீர்நிலையின் பக்கம் பறவைகள் கூடு கட்டும் காலமும் இதுதான், வழியிலேயே கொக்கும் நாரையும் மரம் நிறைய இருக்கும். அடுத்து வரும் நாவலடி, வியாழை எல்லாம் தண்ணீருக்குத் தட்டுப்பாடான இடங்கள். அங்கே தாமதிக்கக் கூடாது. ஓய்வைக் குமுக்கனில் எடுத்துக்கொண்டு, பிறகு நேரே நடந்துவிடுங்கள். எங்களுக்கு உகந்தையிலிருந்து ஐந்து நாள் பிடித்தது.

கதிர்காமத்துக்கு வந்த பிறகு

மாணிக்க கங்கையில் முழுகி எழுந்து, கந்தன் சந்நிதிக்குப் போனோம். விக்கிரகம் இல்லை, முருகனும் தேவியரும் தீட்டிய திரைதான். வாயைக் கட்டிய கப்புறாளை மௌனமாகப் பூசை செய்கிறார். அம்மா என் கையைப் பிடித்து, "மண்டூர்ல பாத்தமே" என்றார். படுவான்கரைக்குக் கொடுத்த இரண்டு நாள் அந்த ஒரு சொல்லில் திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் பலரும் கதிரமலை ஏறப் போவார்கள், சிலர் செல்லக் கதிர்காமம் போவார்கள். வந்த அன்றே மலை வேண்டாம். ஒரு நாள் முழுதாக உறங்கி, அடுத்த விடியலில் வெயில் வருமுன் ஏறுங்கள். முழங்கால் இடம் கொடுக்காதவர்களுக்குச் செல்லக் கதிர்காமம் ஏற்றது. ஆற்றோரம் ஒரு மணி நேர நடை, பிள்ளையார் கோயில், மர நிழல். அம்மா அங்கே போனார், நான் மலைக்குப் போனேன்.

இரவில் பெரிய கோயிலிலிருந்து யானை மேல் புறப்படும் ஊர்வலம் வள்ளி அம்மன் கோயில் வரை வந்து திரும்பும். எல்லாரும் பெரிய கோயில் வாசலில் நெருக்குவார்கள். நீங்கள் வள்ளி அம்மன் கோயில் பக்கம் போய், பொழுது படும்போதே ஒரு துவாயை விரித்து இருந்துவிடுங்கள்.